கேட்காமல் தொட்ட கேமரா

சிக்கந்திராபாத் திருமுல்கேரியில் ஒரு பழைய பங்களா. காலை பத்து மணி இருக்கும். ஹாலில் ஷாட் ரெடி. கதாநாயகி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் கேமராவில் கண்ணை வைத்திருந்தேன்.

டைரக்டர் வாயைத் திறக்கும் முன் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சவுண்ட் எடுப்பவர் கையைத் தூக்கினார். காத்திருந்தோம். ஸ்கூட்டர் நின்றது. வந்தவர் பாஷா. எங்கள் கேமராமேன் சங்க ஆபீசின் மேனேஜர்.

பாஷா செட்டுக்கு வர மாட்டார். வந்தால் நல்லதுக்கு இல்லை.

நேராக என்னிடம் வந்தார். ஒரு கவரை நீட்டினார்.

"மன்னிச்சுடுங்க ஏழுமலை பாய். குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

நான் கவரைப் பிரிக்கவில்லை. அதற்குள் என் அசிஸ்டெண்ட் லென்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். இன்னொருவர் லென்ஸ் மூடியைப் போட்டார். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சங்கத்துக் கவர் வந்தால் கேமராவை யாரும் தொடமாட்டார்கள். அது எங்கள் பழக்கம். சத்தம் கிடையாது, கோஷம் கிடையாது. மூடி போடுவார்கள், அவ்வளவுதான்.

டைரக்டர் சின்ன வயது. ஓடி வந்தார்.

"என்ன சார் இது? இந்த வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரந்தான் நிக்கும்."

"தெரியும்."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. கவரில் என்ன எழுதியிருக்கும் என்று நாலு நாளாகவே எனக்குத் தெரியும்.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'நீங்கள் சங்கம் சங்கம் என்று எழுதுகிறீர்கள். கேமராமேன்களுக்கு எதற்கு ஐயா சங்கம்?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் ஏழாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

கிருஷ்ணா நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். இரண்டு அறை. ஒன்றில் பாஷாவும் பீரோவும். இன்னொன்றில் மேஜை, நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியில் படம் போட்டுப் பார்ப்போம். புதுக் கேமரா ஏதாவது வந்தால் யாராவது கொண்டுவந்து பிரித்துக் காட்டுவார்கள். என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் காலேஜ்.

தலைவர் ஒருவர், செக்ரட்டரி ஒருவர், கமிட்டிக்குச் சில பேர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டு எடுப்போம். அசிஸ்டெண்டுகளுக்கு ஒரு கார்டு, கேமராமேனுக்கு ஒரு கார்டு. அசிஸ்டெண்ட் கார்டு கேமராமேன் கார்டாக மாற, யாரிடம் வேலை செய்தாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டி உட்கார்ந்து அவர் எடுத்ததைப் பார்க்கும். என்னுடையதைப் பார்த்த அன்று நான் வெளியே மாடிப்படியில் நின்றேன். அதை முன்னால் ஒரு வாரம் எழுதியாயிற்று.

சங்கத்துக்கு என் கணக்கில் மூன்று வேலை. கார்டு கொடுப்பது ஒன்று. ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார ஆள் அனுப்புவது ஒன்று. அதற்கு ஆபீசில் ஒரு பலகை இருக்கிறது. இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று பாஷா எழுதிப் போடுவார். பெரிய கேமராமேன், சின்ன கேமராமேன் பேதம் கிடையாது. ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது வேலை சம்மதக் கடிதம். ஒரு படத்தைப் பாதியில் ஒருவர் விட்டு இன்னொருவர் எடுக்க வந்தால், முதல் ஆள் 'எனக்குச் சம்மதம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இன்னொருவர் கேமராவைத் தொடக் கூடாது. தொட்டால் ஆறு மாதம் கார்டு கிடையாது.

இந்த மூன்றாவதில்தான் நான் மாட்டினேன்.

எனக்கு நடந்தது

சங்கத்தில் அந்த விதி வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்று. நான் அப்போதுதான் தனியாகப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தேன். அல்வால் ஏரிப் பக்கம் ஷூட்டிங். மல்காஜ்கிரியிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்துப் போனேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். என் கேமராவுக்குப் பின்னால் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லைட் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிஃபன் மட்டும் கொடுத்தார்கள். இட்லி. சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டில் அப்பா இருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். "என்னடா சீக்கிரம்?" என்றார். "வெளிச்சம் இல்ல" என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பிறகு சங்கக் கூட்டத்தில் சம்மதக் கடிதம் விதியாக வந்தது. கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். பக்கத்தில் இருந்த அந்தோணி இரண்டு கையையும் தூக்கினான்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுய்யா" என்றார் செக்ரட்டரி.

"இன்னொண்ணு ஏழுமலைக்கு சார். அவன் அரைக் கைதான் தூக்கியிருக்கான்" என்றான் அந்தோணி.

அந்தோணி அல்வால்காரன். அவன் அப்பா பட்டாளத்துக் கேன்டீனில் வேலை பார்த்தவர். அவர்களுக்குச் சொந்த ஊர் வேலூர், எங்களுக்கு அரக்கோணம். என் வயதுதான். இரண்டு பேரும் ஒரே வருஷம் அசிஸ்டெண்ட் கார்டு வாங்கினோம். அவன் பேசுவான், நான் கேட்பேன். இத்தனை வருஷமும் அப்படியே போய்விட்டது.

நாலு நாள்

திருமுல்கேரி பங்களாப் படம் அந்தோணியுடையது. முக்கால்வாசி அவன் எடுத்தாயிற்று. ஒரு நாள் மதியம் செட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிக்கந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாளில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் புரொடக்‌ஷன் மேனேஜர் எனக்குப் போன் போட்டார்.

"அண்ணா, பங்களா இன்னும் ஒரு வாரந்தான் கிடைக்கும். அதுக்கப்புறம் இடிக்கிறாங்க. நீங்க வந்து முடிச்சுக் குடுங்க."

"அந்தோணிகிட்ட கடிதம் வாங்கணும்."

"ஐ.சி.யூ.ல இருக்கிறவர்கிட்ட எப்படிண்ணா வாங்கறது? அப்புறம் பாத்துக்கலாம்."

நான் சரி என்றேன். ஏன் என்று இப்போதும் யோசிக்கிறேன். படுத்திருக்கிறவனிடம் போய் 'உன் படத்தை எனக்குக் கொடு' என்று எப்படிக் கேட்பது? அவன் செத்துப்போவான் என்று நாமே சொல்வது மாதிரி இருக்கும். அப்படி நினைத்தேன். டாக்டரும் வேலைப் பேச்சு வேண்டாம் என்று அவன் மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். வார்டுக்கு மாற்றியதும் பாஷா பலகையில் பெயர் எழுதினார். இரண்டு நாள் சாயங்காலம் என் பெயர். பகலில் அவன் படத்தை எடுத்துவிட்டு, சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் கேட்டான். "ஷூட்டிங் இன்னா ஆச்சு?"

"நின்னுபோச்சு" என்றேன்.

 ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டான். இரண்டாம் நாள் அவன் கேட்கவும் இல்லை.

பங்களாவிலும் வேலை ஓடவில்லை. அந்தோணி எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் ஒரு வெளிச்சம் வைத்திருந்தான். பழைய பித்தளை மாதிரி மங்கலாக, மிருதுவாக. அதே ஜன்னல், அதே நேரம், நான் எடுத்தால் கதாநாயகியின் முகம் நீலமாக வந்தது. விளக்குக்கு முன்னால் கட்டும் கலர்க் கண்ணாடித் தாளை மாற்றிப் பார்த்தேன். விளக்கு மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கேட்க வேண்டிய ஆள் ஆறு கிலோமீட்டரில் படுத்திருந்தான். சாயங்காலம் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடை மாடி

கவர் வந்த அன்று மாலை நாலு மணிக்கு ஆபீசுக்குப் போனேன். கமிட்டியில் ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். எனக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. டீ கொடுத்தார்கள். செக்ரட்டரி சுப்பாராவ் தெலுங்குக்காரர். மெட்ராசில் பல வருஷம் வேலை பார்த்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"ஏழுமலை, புகார் வந்திருக்கு. யாருன்னு கேக்கலியே நீ?"

"தப்பு என்னுது. யாரா இருந்தா என்ன?"

"பாரு."

ஒரு காகிதத்தைத் தள்ளினார். ஆஸ்பத்திரியில் நோயாளி என்ன சாப்பிட்டார் என்று எழுதும் அட்டவணைத் தாள். அதன் பின்பக்கம் தெலுங்கில் மூன்று வரி. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஃபிலிம் டப்பாக்களின் மேல் அந்தக் கையெழுத்தை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

'நான் எடுத்துக்கொண்டிருந்த படத்தை ஏழுமலை எடுக்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை. சங்கம் கேட்க வேண்டும். அந்தோணி.'

டீ ஆறிவிட்டது. குடித்தேன்.

கமிட்டியில் ஒருவர் என் பக்கம் பேசினார். "பாவம் சார், உதவிக்குத்தானே போனாரு? ஆபத்துக்குப் போனவரை இப்படி நிறுத்தி வைக்கலாமா?"

"உதவின்னுதான் எல்லாரும் போறாங்க" என்றார் சுப்பாராவ். "அன்னிக்கு அல்வால் ஏரியில இவன் கேமராவில உக்காந்தவன்கூட உதவின்னுதான் சொன்னான். இல்லியா ஏழுமலை?"

"ஆமா."

"நீ என்ன சொல்றே?"

"நான் கேட்டிருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஐந்து பேரும் உள்ளறைக்குப் போனார்கள். பாஷா என் பக்கத்தில் வந்து நின்றார். "கைக்கு பாய், ஏன் இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?" என்றார். 

வந்து சொன்னார்கள். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்தோணியின் கடிதம் வர வேண்டும். வந்தால் படம் ஓடும். வராவிட்டால் என் கார்டு ஆறு மாதம் பீரோவில் இருக்கும், பங்களாவும் போகும். பங்களா போனால் படமே போகும். அந்தோணி எடுத்த முக்கால்வாசியும் சேர்ந்து போகும்.

"அவனைத் தொந்தரவு பண்ணாம கேளு" என்றார் சுப்பாராவ். "ஆனா கேளு."

சிவப்புத் தலையணை

மறுநாள் காலையில் பாஷா என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினார். கீழேயே இருக்கிறேன் என்றார். வராந்தாவில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா. இன்னிக்கு உங்க பேரு போர்டுல இல்லியே. வழி தவறி வந்துட்டீங்களா?"

நான் நின்றேன்.

"அந்த மூணு வரி எழுத முக்கா மணி நேரம் ஆச்சு அவருக்கு. பேனா பிடிச்ச கை ஆடுது. நான் எழுதறேன்னேன். நக்கோ, வேணாம், நானே எழுதறேன்னுட்டாரு. நான்தான் ஆட்டோ பிடிச்சுப் போய்க் குடுத்துட்டு வந்தேன். தெரியுமா?"

"தெரியாதும்மா."

"டாக்டர் இப்ப பேசலாம்னுட்டாரு. போங்க. போய்ப் பேசுங்க. பேசத் தெரியும்ல?"

உள்ளே போனேன். அந்தோணி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சின் மேல் ஒரு சிவப்புத் தலையணை. இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தையல் பிரியாமல் அதை அணைத்துக்கொள்ள வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் அதை இழுத்து வைத்துக்கொண்டான். இருமல் வரவில்லை.

"இன்னாத்துக்கு வந்த ஏழு?"

"கேக்க வந்தேன்."

"கேளு."

  தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"நீ எடுத்துக்கிட்டிருந்த படத்த நான் எடுக்கட்டுமா?"

 பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவில் மார்க்கெட் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தக்காளி, வெங்காயம், பீர்க்கங்காய்.

"இத்த கேக்கறதுக்கு இத்தினி நாளா?"

"டாக்டர் பேச வேணாம்னாரு."

"பேச வேணாம்னா சும்மா இருக்கணும். நின்னுபோச்சுன்னு ஏன் சொன்ன? நீ சொல்றதுக்கு முந்தியே தெரியும் எனக்கு. லைட் ஆளுங்க குரூப்புல ஒருத்தன் போட்டோ போட்டிருந்தான். 'இன்னிக்கு டிஃபன் பெசரட்டு'ன்னு. தட்டு முன்னாடி, பின்னாடி என் கேமரா. கேமராவுக்கு மேல உன் வழுக்க."

நான் தலையைத் தடவினேன்.

"இங்க படுத்துக்கினு அந்த வழுக்கையவே பாத்துக்கினு இருந்தேன்டா. சாயங்காலம் நீ வந்து ஆரஞ்சு உரிக்கிற. இன்னிக்கிச் சொல்லுவான், நாளைக்கிச் சொல்லுவான்னு பாத்தேன். என்ன செத்தவன்னு எழுதிட்டியா?"

"இல்ல."

"கேட்டிருந்தா அன்னிக்கே போட்டுக் குடுத்திருப்பேன். உன்ன வுட்டா யாருகிட்ட குடுப்பேன் நானு?"

சம்மதக் கடிதப் பேப்பரை நீட்டினேன். வாங்கிப் படித்தான். முதலிலிருந்து கடைசி வரை படித்தான். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள். அந்தோணி பேனாவை இறுக்கிப் பிடித்து மெதுவாக எழுதினான்: 'உடல்நிலை. கேட்டார். கொடுத்தேன்.'

"படத்துல பேரு எப்டி வருது?"

"ரெண்டு பேரும். உன் பேரு முதல்ல. சங்கத்து விதி."

"விதியில இல்லன்னா ரெண்டாவதா போட்டிருப்பியா?"

"இல்ல."

அவன் சிரித்தான். சிவப்புத் தலையணையை இறுக்கிக்கொண்டே சிரித்தான். எனக்கு நாலு நாளாகத் தோளில் ஒரு பிடிப்பு இருந்தது. அது விட்டது.

கீழே போய் மேலே வந்தது

படியில் இறங்கி ஓடினேன். இந்த வயதில் ஓடக் கூடாது. பாஷா பேப்பரை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"ஹவ் பாய், சரியா இருக்கு. போதும். பத்தரைதான் ஆகுது."

அவர் ஸ்கூட்டர் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் செட்டில் மூடி எடுத்துவிடலாம் என்று டைரக்டருக்குப் போன் போட்டேன். "தேங்க்யூ சார், தேங்க்யூ சார்" என்றார். அழுகிற குரல். இளம் வயதுதானே.

எனக்கு இனி ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. கையெழுத்து வாங்கியாயிற்று. பலகையில் என் பெயரும் இல்லை. ஒரு இளநீர் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடி மாடிக்குப் போனேன்.

"இன்னா, எதுனா மறந்துட்டியா?" என்றான் அந்தோணி.

"ஜன்னல் வெளிச்சம் ஒட்ட மாட்டேங்குது. நீலமா வருது."

"ஜன்னலுக்கு வெளிய இன்னா கட்டின?"

"வெள்ளைத் துணி."

"அங்கதான் தப்பு. வெள்ள பெட்ஷீட்ட டீ டிகாக்‌ஷன்ல முக்கிக் காயப்போட்டுக் கட்டினேன். கேன்டீன் அண்டாவுல. சர்க்கர போட்ட டீயில முக்கிடாத. எறும்பு வரும். எனக்கு வந்துது."

அந்தப் பித்தளை நிறம் டீ. நாலு நாள் விளக்கையும் தாளையும் மாற்றிக்கொண்டிருந்தேன். சங்கம் எதற்கு என்று கேட்ட கும்பகோணத்து வாசகருக்கு இதைச் சொல்வேன். கையெழுத்து வாங்கப் போனால்தான் டீ என்று தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் மாடிப்படி சீன். கதாநாயகி இறங்கும்போது கேமராவும் கூட இறங்க வேண்டும் என்று டைரக்டர் சொன்னது. பங்களாவின் படிகள் ஒரே உயரமாக இல்லாதது. ஏழாவது படியில் நான் தடுக்கியது. அதைப் பார்த்துக் கதாநாயகி நிஜமாகவே சிரித்தது, அந்தச் சிரிப்பையே டைரக்டர் வைத்துக்கொண்டது. அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நடுவில் "லென்ஸ் இன்னா?" என்று மட்டும் கேட்பான். சொல்வேன். தலையை ஆட்டுவான்.

பிறகு இரண்டாம் நாள் சமையலறை சீன். பிறகு மழை சீன். தண்ணீர் லாரி லேட்டாக வந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. எப்போது எழுந்து நின்றேன் என்றும் தெரியாது. விரல்களால் ஃபிரேம் மாதிரி சட்டம் பிடித்து, கேமரா எங்கே இருந்தது, கதாநாயகி எங்கிருந்து வந்தார் என்று கட்டிலைச் சுற்றி நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நர்ஸ் வந்து நின்றாள்.

"ஐயா, இது வார்டு. அரை மணியா நீங்களே பேசிட்டிருக்கீங்க. பேஷன்ட் ரெஸ்ட் எடுக்கணும். கொஞ்சம் வாயை மூடுங்க."

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தோணி கண்ணைத் திறக்காமலே என் சட்டையைப் பிடித்தான்.

"அவன் போவ மாட்டான் சிஸ்டர். இன்னும் ரெண்டு சீன் பாக்கி இருக்கு. ஏழு, கதவச் சாத்திட்டு மெதுவா சொல்லு."